கைக்காயமும் குறியெண்ணும்: நோய் வகுப்பின் வரலாற்றிலே ஒரு நோக்கு

தமிழ்மொழியிலே கை என்னுஞ் சொல் பெற்றுள்ள இடம் பெரிது. உழைப்பைக் கைத்தொழில் என்கிறோம். உடைமையைக் கைப்பொருள் என்கிறோம். உதவிக்கு ஈடு செய்தலைக் கைம்மாறு என்கிறோம். செய்வதறியாது நிற்கும் நிலையைக் கையறவு என்கிறோம். உழைத்துண்பானுக்குக் கையே முதல் என்னும் உண்மை இச் சொற்களிலே பொதிந்து கிடக்கின்றது. உழைக்கின்ற அக் கையே மாலையிற் பந்தும் எறிகின்றது. வேலையிலும் விளையாட்டிலும் ஒருங்கே ஈடுபடும் இவ்வுறுப்புக் காயமுறும்போது, மருத்துவர் எலும்பை நோக்குகின்றார். மருத்துவச் செலவு கொடுப்போரும் நட்டஈடு வழங்குவோரும் அக்காயத்துக்கு இடப்பட்ட குறியெண்ணை நோக்குகின்றனர். அவ்வெண் எங்ஙனம் தோன்றிற்று, எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாது விடுகிறது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருளைத் தெளிவாக்குதற்கு ஓர் இடத்தை முன்வைத்துக்கொள்வாம். கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பெருந்தெருவிலே, அவிசாவளையைக் கடந்தபின் வருவது எஹலியகொட. சப்பிரகமுவ மாகாணத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சூழ இறப்பர்த் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் உள்ளன. 1876 ஆம் ஆண்டிலே கெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் பின்னர்க் களனிப் பள்ளத்தாக்கிலும் சப்பிரகமுவவிலும் பரவின. அவற்றின் பாலை வெட்டுதற்குத் தமிழகத்திலிருந்து வந்தோரின் பரம்பரையினர் இன்றும் அம்மலைச்சரிவுகளில் வாழ்கின்றனர்.

இத்தகைய ஒரு தோட்டத்திலே, ஒரே நாளில் இருவர் காயமுற்றனர் எனக் கற்பனை செய்துகொள்வாம். விடியற்காலையில் பால் வெட்டச் சென்ற ஒரு பெண், மழையில் நனைந்த சரிவிலே வழுக்கி வீழ்ந்து, வலக்கையின் சுட்டுவிரல் எலும்பு முறிந்தாள். மாலையிலே விளையாட்டுத் திடலிற் கரப்பந்தாடிய ஓர் இளைஞன் அவ்வாறே வழுக்கி வீழ்ந்து, இடக்கையின் சிறுவிரல் எலும்பு முறிந்தான். இருவரும் ஒரே வைத்தியசாலைக்குச் சென்றனர். இவ்விருவருக்கும் எழுதப்படவேண்டிய குறியெண்கள் யாவை? இவ்வினாவுக்கு விடை காணுமுன், வரலாற்றிலே சிறிது பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

காயங்களை வகுத்துரைக்கும் முயற்சி மிகப் பழையது. எட்வின் சிமித் என்பாரின் பெயரால் வழங்கும் எகிப்தியப் பப்பிரசுச் சுருள், கி. மு. 1600 ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டதென்பர். அதிலே 48 நோயாளரின் நிலைகள் கூறப்பட்டுள்ளன. அவை தலையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வரிசைப்படுத்தப்பட்டிருத்தல் கவனித்தற்குரியது. நமது நாட்டுப்புறத்து நூல்களை நோக்கின், சுசுருதசங்கிதை முறிவுகளை இருபெரும் பிரிவாக்குகின்றது. மூட்டு விலகல் ஒன்று. எலும்பு முறிதல் மற்றொன்று. முன்னையதை ஆறு வகையாகவும் பின்னையதைப் பன்னிரண்டு வகையாகவும் அது விரிக்கின்றது. விலகலும் முறிவும் வேறு வேறு என்னும் இப்பாகுபாடு இன்றைய உலகப் பட்டியலிலும் அப்படியே நிலைபெற்றுள்ளது.

பிற்காலத்தில் ஐரோப்பிய மருத்துவர் காயங்களுக்குப் பெயரிட்டனர். 1814 இல் தப்பிளின் நகரத்து ஆபிரகாம் கொலிசு மணிக்கட்டையடுத்த முறிவொன்றை விவரித்தார்; 1882 இல் அந்நகரத்தவரே ஆகிய எட்வேட் பெனற்று பெருவிரலின் அடியிலுள்ள எலும்பின் முறிவை விவரித்தார். அவ்வம் முறிவுகள் அவர்தம் பெயராலேயே வழங்கலாயின. வேறு சில காயங்கள் தொழிலாலும் விளையாட்டாலும் பெயர் பெற்றன. ஸ்கொத்துலாந்திலே முயல்களைக் கழுத்து முறித்துக் கொல்லும் வேட்டைக்காவலரின் பெருவிரலில் நாளடைவில் உண்டாகும் தளர்ச்சியை 1955 இல் காம்பெல் என்னும் மருத்துவர் எடுத்துரைத்தார். அது ‘வேட்டைக்காவலர் பெருவிரல்’ எனப்பட்டது. பனிச்சறுக்கு விளையாட்டிலே பெருவிரலின் அதே தசைநார் திடீரென அறுமாயின், அது ‘பனிச்சறுக்குவோர் பெருவிரல்’ எனப்படுகின்றது. சிறுவிரலுக்கு நேரே உள்ளங்கையெலும்பின் கழுத்திலே நேரும் முறிவு ‘குத்துச்சண்டையாளர் முறிவு’ ஆயிற்று. உறுப்பு ஒன்றே, ஒருவனை அது தொழிலாளியாகவும் மற்றொருவனை விளையாட்டுவீரனாகவும் காட்டுகின்றது. இப்பெயர்கள் மனிதனின் வாழ்க்கையைச் சுமந்து நின்றன. ஆயின் எண்ணிக் கணக்கிடுதற்கு அவை உதவவில்லை. ஒரே காயத்துக்குப் பல பெயர்களும், ஒரே பெயராற் பல காயங்களும் குறிக்கப்பட்டமையே காரணம்.

இக்குறையை உணர்ந்து ஒழுங்கு செய்ய முற்பட்டவருள் தலையாயவர் வில்லியம் பார் (1807–1883). இங்கிலாந்தின் பதிவாளர் நாயகத் திணைக்களத்திலே புள்ளிவிவரப் பணி புரிந்த இவர், 1839 இல் வெளிவந்த முதலாவது ஆண்டறிக்கையிலேயே ஒரு சீரான நோய்ப் பெயர்வரிசையின் இன்றியமையாமையை வற்புறுத்தினார். 1853 இல் பிரசெல்சு நகரிற் கூடிய முதலாவது அனைத்துலகப் புள்ளிவிவர மாநாட்டிலே அக்கீல் கியார் என்னும் பிரெஞ்சு அறிஞர் கொணர்ந்த தீர்மானத்தின்படி, பாரும் செனீவா நகரத்து மார்க் தெசுப்பீனும் இப்பணிக்கு நியமிக்கப்பட்டனர். பார் நோய்களை ஐந்து பெருங்கூட்டமாக வகுத்தார். கொள்ளைநோய், உடல் முழுவதையும் பற்றும் நோய், உறுப்புவாரியான நோய், வளர்ச்சி பற்றிய நோய் என்பவற்றின்பின், வன்செயலாலும் விபத்தாலும் விளைவன ஐந்தாங் கூட்டமாயின. காயங்களுக்கு உலகக் கணக்கிலே தனியிடம் கிடைத்தது இங்ஙனமே.

கியாரின் பேரராகிய சாக் பெர்ட்டியோன், 1893 இல் சிக்காகோவிற் கூடிய அனைத்துலகப் புள்ளிவிவரக் கழகத்தின் முன் தமது பட்டியலை வைத்தார். 44, 99, 161 தலைப்புக்கள் கொண்ட மூன்று அளவிலே அது அமைந்திருந்தது. 1900 இல் பாரிசிலே அப்பட்டியல் முதன்முறை திருத்தப்பெற்றது. ஆயினும் அது இறப்புக்குரிய காரணங்களின் பட்டியலே. கைவிரல் முறிந்தவன் அதனால் இறப்பதில்லை. ஆதலின் அவன் அப்பட்டியலின் கண்ணுக்குத் தோன்றவில்லை. இறந்தாரை எண்ணும் ஏடு, வாழ்ந்து வருந்துவாரை எண்ணவில்லை என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்நிலை 1948 இல் மாறிற்று. உலக சுகாதார தாபனம் பொறுப்பேற்று நிறைவேற்றிய ஆறாவது திருத்தம், இறப்போடு நோயையும் காயத்தையும் ஒருங்கே எண்ண வழிசெய்தது. இலங்கை அத்தாபனத்தில் உறுப்புரிமை பெற்றதும் அவ்வாண்டிலேயே. அத்திருத்தத்தின் மற்றொரு சிறப்பும் உண்டு. ஒரு காயத்துக்கு இரண்டு எண்கள் இடும் முறை அதனால் வந்தது. உடலில் என்ன நேர்ந்தது என்பதை ஒன்று கூறும். அஃது எதனால் நேர்ந்தது என்பதை மற்றொன்று கூறும். எலும்பைப் பொருத்தும் மருத்துவனுக்கு முன்னையது போதும். விபத்தைத் தடுக்க விரும்பும் அரசுக்கும், பொறுப்பை நிருணயிக்கும் நீதிக்கும் பின்னையதே வேண்டும்.

1990 ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட பத்தாவது திருத்தமும் இவ்விருமுறையைக் காத்தது. அதிலே காயங்களின் இயல்பு ‘எஸ்’, ‘ரீ’ என்னும் எழுத்துக்களாற் குறிக்கப்படும். புறக்காரணங்கள் ‘வீ’ முதல் ‘வை’ வரையுள்ள எழுத்துக்களாற் குறிக்கப்படும். ‘எஸ்’ வரிசை, அவ்வெகிப்தியச் சுருளைப் போலவே, தலையில் தொடங்கிப் பாதத்தில் முடிகின்றது. மணிக்கட்டும் கையும் எஸ் 60 முதல் எஸ் 69 வரை இடம்பெறும். மேலெழுந்த சிராய்ப்பும் கன்றலும் 60, திறந்த காயம் 61, எலும்பு முறிவு 62, மூட்டு விலகலும் சுளுக்கும் 63, நரம்பு 64, குருதிக்குழாய் 65, தசையும் தசைநாரும் 66, நசுங்கல் 67, உறுப்பு அற்றுப்போதல் 68, பிறவும் விவரங் கூறப்படாதனவும் 69. பதினோராவது திருத்தம் 2019 இல் ஏற்கப்பட்டு, 2022 சனவரி முதலாந் தேதி நடைமுறைக்கு வந்துளது. ஆயினும் பத்தாவதின் எண்களே பல நாட்டு ஏடுகளில் இன்னும் பயில்கின்றன.

பட்டியல் இத்துணைத் தெளிவாயிருப்பவும், எண்ணைத் தெரிவு செய்தல் எளிதன்று. மூன்று எடுத்துக்காட்டுக்கள் கூறுவாம்.

முதலாவது, தொங்குவிரல். பந்து விரல்நுனியிலே நேரே மோதும்போது, விரலை நிமிர்த்தும் தசைநார் அறுந்து, நுனிக்கணு மடங்கித் தொங்கும். கரப்பந்திலும் கிரிக்கெட்டிலும் இது நேர்தலுண்டு. உடனே வந்தால், அது தசைநார்க் காயம்; எஸ் 66 இன் பாற்படும். ஆறு முதல் எட்டு வாரம் விரலை நிமிர்த்திக் கட்டினாற் பெரும்பாலும் குணமாகும். பல மாதங் கழித்து வந்தாலோ, ‘விரலின் உருக்கோணல்’ எனப் பிறிதோர் அதிகாரத்திலே எம் 20.0 என்னும் எண்ணைப் பெறுதல் கூடும். அப்பொழுது அது காயம் என்னும் வரலாற்றை இழந்து, எலும்பு மூட்டு நோய்களுள் ஒன்றாகிவிடுகின்றது.

இரண்டாவது, மணிக்கட்டிலுள்ள படகெலும்பின் முறிவு. கையை ஊன்றி வீழ்வார்க்கு இது நேரும். முதல்நாட் கதிர்ப்படத்திலே முறிவு தோன்றாதிருத்தலுண்டு; பத்துப் பதினான்கு நாட் கழித்து மீண்டும் படமெடுக்கும்போதே வெளிப்படும். முதல்நாளில் மருத்துவர் சுளுக்கு என்று துணிந்து எழுதினால் எஸ் 63.5, பின்னர் முறிவு உறுதிப்பட்டால் எஸ் 62.0. எண் மாறியது பிழையன்று. அறிவு வளர்ந்ததன் அடையாளமே. ஐயப்பாட்டை முடிவாக எழுதிவிடுதலே பிழை. அமெரிக்க நாட்டு விதிகளும், வெளிநோயாளர் திறத்தில், ‘இருக்கலாம்’ என்று ஐயுற்றதை உறுதிப்பட்ட நோயாகக் குறித்தல் ஆகாது என்கின்றன.

மூன்றாவது, எஸ் 69.9. ‘கையிற் காயம், விவரமில்லை’ என்பது இதன் பொருள். கூட்டம் மிகுந்த வேளையில், சீட்டிலே ‘கைக்காயம்’ என்ற ஒரே சொல் எழுதப்பட்டிருப்பின், பதிவெழுதுவோருக்கு இதனையன்றி வேறு வழியில்லை. அவர் காணாத முறிவை அவர் எழுதலாகாது. ஆகவே குறியெண்ணின் செம்மை எண்ணிடுபவரிடத்தன்று, முதலிற் குறிப்பெழுதும் மருத்துவரிடத்தே தொடங்குகின்றது.

இனி, இவ்வெண்கள் பணத்தோடு தொடர்புற்ற வரலாற்றைக் காண்பாம். ஐக்கிய அமெரிக்காவிலே, முதியோர்க்கான அரச காப்புறுதித் திட்டம், 1983 முதல் வைத்தியசாலைகளுக்கு நோய்த்தொகுதி வாரியாகப் பணங் கொடுக்கத் தொடங்கிற்று. அன்றுமுதல் நோயின் எண் கணக்கெழுதுவோரின் கருவியும் ஆயிற்று. 2015 ஒக்டோபர் முதலாந் தேதி தொடக்கம் அந்நாடு பத்தாவது திருத்தத்தின் விரித்த பதிப்பொன்றைக் கையாள்கின்றது. எந்த விரல், வலக்கையோ இடக்கையோ, எலும்பு விலகிற்றோ இல்லையோ, முதற் சிகிச்சையோ தொடர்ந்த சிகிச்சையோ என்பனவெல்லாம் அதில் எண்ணாலே குறிக்கப்படும். பேசுபந்து, கூடைப்பந்து, கரப்பந்து முதலியவற்றால் அடிபட்டமைக்குத் தனித்தனி எண்களும் உள. கிரிக்கெட்டுப் பந்துக்கோ தனியெண் இல்லை. ‘பிற பந்து’ என்பதனுள் அஃது அடங்கும். எந்த நாடு பட்டியலை விரிக்கின்றதோ அந்த நாட்டின் விளையாட்டே பட்டியலில் விரியும் என்பதற்கு இஃது ஒரு சான்று. அப்பட்டியலிற் போற்றத்தக்கதொன்றும் உண்டு. காயமுற்றபோது செய்த செயல் யாது என்பதை ஓர் எண்ணும், அச்செயல் ஊதியத்தின் பொருட்டோ அன்றோ என்பதைப் பிறிதோர் எண்ணும் கூறுகின்றன. கூலிபெற்று ஆடும் வீரன் ஆடுகளத்திலே தொழிலாளியும் ஆவன் என்பது இதனாற் பெறப்படும்.

உலகப் பொதுப் பதிப்பிலே இதனை ஒரே இலக்கமே காட்டுகின்றது. புறக்காரண எண்ணின் நான்காம் இடம் நிகழ்ந்த இடத்தையும், ஐந்தாம் இடம் செய்த செயலையும் குறிக்கும். விளையாட்டுக்கு 0, ஓய்வுப்பொழுதுக்கு 1, ஊதிய வேலைக்கு 2, சமையல், குழந்தை பேணல், கல்வி கற்றல் முதலிய பிற வேலைக்கு 3. வேலைக்குப் போகும் வழியும் வரும் வழியும் 2 இன்பாற்படும் என்பதும் அறியத்தக்கது.

இப்பொழுது நம் இருவரிடம் மீள்வாம். பால் வெட்டிய பெண்ணுக்கும் பந்தாடிய இளைஞனுக்கும் காயத்தின் இயல்பு பற்றிய எண் ஒன்றே: எஸ் 62.6, அதாவது பெருவிரலல்லாத விரலின் முறிவு. புறக்காரணமும் ஒன்றே: டபிள்யூ 01, வழுக்கி வீழ்தல். இறுதி இரண்டு இலக்கங்களிலேதான் வேற்றுமை. பயிர்நிலத்திலே ஊதிய வேலையில் வீழ்ந்தவளுக்கு டபிள்யூ 01.72, விளையாட்டிடத்திலே ஆடுகையில் வீழ்ந்தவனுக்கு டபிள்யூ 01.30. அவ்விரண்டு இலக்கங்களையும் எழுதாது விடின், ஏட்டிலே இருவரும் ஒருவரே ஆவர்.

அதனால் வருங் கேடு யாது? அரசினர் வைத்தியசாலையிலே சிகிச்சை இலவசமாதலின், எண் பிழைத்தாலும் எஹலியகொடை மக்களுக்குப் பணவிழப்பு நேராது என்று சிலர் கருதலாம். அக்கருத்துப் பொருந்தாது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், தொழில் காரணமாகவும் தொழிலின்போதும் நேர்ந்த விபத்துக்கே ஈடு தருகின்றது. குறியெண் சட்டத் தீர்ப்பு ஆகாது. ஆயினும் விபத்து நிகழ்ந்த அன்றே எழுதப்பட்ட குறிப்பு, பின்னர் எழும் வழக்கிலே வலிய சான்றாகும். மாணவர் திறத்திலும் இஃது ஒக்கும். 2017 இல் இலங்கைப் பாடசாலை மாணவர்க்கெனச் ‘சுரக்சா’ என்னும் காப்புறுதித் திட்டம் தொடங்கப்பட்டது. இத்தகைய திட்டங்களிலே கோரிக்கை நிற்பதும் வீழ்வதும் மருத்துவர் எழுதிய சொற்களாலன்றோ?

மேலும் ஒன்று. சட்டம் விரல்களை நிறுத்துப் பார்க்கின்றது. இந்தியாவின் 1923 ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலே பெருவிரல் முழுதும் இழத்தல் நூற்றுக்கு 30 பங்கு உழைப்பிழப்பாகவும், சுட்டுவிரல் 14 ஆகவும், நடுவிரல் 12 ஆகவும், மோதிரவிரலோ சிறுவிரலோ 7 ஆகவும் மதிக்கப்பட்டிருந்தன. உலகப் பொதுப் பதிப்பின் எஸ் 62.6 என்னும் எண்ணோ, பெருவிரலை மட்டும் பிரித்துவைத்து, ஏனை நான்கையும் ஒன்றாகவே கொள்கின்றது; வலம் இடம் என்னும் வேறுபாட்டையும் அறியாது. கத்தியைச் செலுத்தும் வலக்கைச் சுட்டுவிரலும் இடக்கைச் சிறுவிரலும் அவ்வெண்ணுக்கு நிகரே. ஆகையால் எண் எழுதியதோடு அமையாது, விரலையும் கையையும் சொல்லால் எழுதிவைத்தல் கடமையாகின்றது.

தோட்டப்புறத்து மருத்துவ ஏடுகளுக்கு நெடிய வரலாறு உண்டு. 1872 ஆம் ஆண்டிலும் 1912 ஆம் ஆண்டிலும் பிறந்த மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டங்கள், தோட்டத் தொழிலாளரின் சிகிச்சைக்கு ஒழுங்கு வகுத்தன. அக்காலத்துப் பெருங்கவலை வாந்திபேதியும் கொக்கிப்புழுவுமாம். விரல் முறிவை எண்ணுவார் அரியர். இக்காலத்திலே அரசினர் வைத்தியசாலைகளில் தங்கிச் சிகிச்சை பெறுவோரின் விவரங்கள் காலாண்டுதோறும் தொகுக்கப்படுகின்றன. விபத்துக் காயங்களே வைத்தியசாலைச் சேர்க்கைக்கு முதன்மையான காரணமாகப் பல்லாண்டாக இடம்பெற்று வருகின்றன. ஆயினும் வெளிநோயாளராக வந்து கட்டுப்போட்டுச் செல்வோர் இத்தொகுப்பிற் சேரார். முறிவு வைத்தியரிடம் எண்ணெய்க்கட்டுப் போடுவோரும் சேரார். கைவிரற் காயமோ பெரும்பாலும் இவ்வழியே செல்வது. 1991 முதல் கரப்பந்தாட்டத்தைத் தேசிய விளையாட்டாகக் கொண்ட நாட்டிலே, அவ்வாட்டத்தால் ஒடிந்த விரல்களிற் பல எண்ணப்படாமலே போகின்றன.

குறியெண்ணை உயர்த்திக் காட்டிப் பணம் பெறுதல் ஒரு குற்றம். வேலையிற் பட்ட காயத்தை விளையாட்டிற் பட்டதாக எழுதி உரிமையை மறைத்தலும் அதற்குக் குறைந்த குற்றமன்று. விளையாட்டிற் பட்டதை வேலையிற் பட்டதாக எழுதுதலும் அத்தகையதே. பொருத்தமான எண் என்பது மிகுந்த பணந் தரும் எண்ணன்று, குறைந்த தொல்லை தரும் எண்ணுமன்று. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே கூறும் எண்ணேயாகும். அதற்கு மருத்துவர் வினாவவேண்டியவை நான்கு: எந்தக் கையில் எந்த விரல்? அதற்கு என்ன நேர்ந்தது? எதனால், எங்கே? அப்பொழுது செய்துகொண்டிருந்தது யாது? இந்நான்குக்கும் விடை எழுத இரண்டு வரி போதும்.

மாணவ அன்பர்களே, உங்களுட் சிலர் மருத்துவராவீர்; சிலர் எழுதுவினைஞராவீர்; சிலர் சட்டம் பயில்வீர். ஆடுகளத்தில் விரலொடிந்து வைத்தியசாலைக்குச் செல்வோரும் உங்களுள் இருப்பர். வரலாறு என்பது மன்னர் கல்லிற் பொறித்தது மாத்திரமன்று. ஒரு வைத்தியசாலைச் சீட்டிலே அவசரத்தில் எழுதப்படும் இரண்டு வரியும் வரலாறே. பால் வெட்டும் ஒருத்தியின் வலக்கைச் சுட்டுவிரல் அன்று எங்ஙனம் முறிந்தது என்பதற்கு, அவ்விரண்டு வரியையன்றி வேறு கல்வெட்டு இல்லை.